திருப்பூர் குமரன்: கொடியை நினைத்தோம், தடியை மறந்தோம்

தமிழ்நாட்டில் காவல்துறையின் கையால் நிகழும் மரணங்களைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நாம் தோட்டாக்களை எண்ணுகிறோம். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் ஆறு பேர். 2018 மே மாதம் தூத்துக்குடியில் பதின்மூவர். சுட்டவர் யார், ஆணையிட்டவர் யார், எச்சரிக்கை விடுக்கப்பட்டதா, முழங்காலுக்குக் கீழே குறிவைக்கப்பட்டதா என்று கேட்கிறோம். இக்கேள்விகள் தேவையானவை. ஆயினும் இந்த மண்ணில் காவல்துறையின் கையால் நேர்ந்த மரணங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றில் துப்பாக்கியே இல்லை. 1932 ஜனவரி 11 அன்று திருப்பூரில் உயிர்நீத்த குமரனைக் கொன்றது ஒரு தடி.

சேவூரிலிருந்து அவிநாசி வழியாகப் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள் திருப்பூரில் அன்றாடம் கடந்து செல்லும் முதன்மைச் சாலையின் பெயர் குமரன் சாலை. அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. நினைவு மண்டபம் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் அவர் இடம்பெறாத தலைமுறையே இல்லை. ஆனால் கொடி காத்த குமரன் என்ற அந்தப் பட்டம் நம் பார்வை முழுவதையும் கொடியின் பக்கம் திருப்பிவிட்டது. அவர் தலையில் விழுந்த அடியைப் பற்றியும், அதற்கு இடமளித்த சட்டத்தைப் பற்றியும், அடித்தவருக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றியும் நாம் பேசுவதில்லை. குமரனின் வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து இங்கே திரும்பப் பார்க்கிறோம்.

குமாரசாமி என்ற குமரன் 1904 அக்டோபர் 4 அன்று சென்னிமலையில் பிறந்தார். அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. தந்தை நாச்சிமுத்து, தாய் கருப்பாயி. நெசவுக் குடும்பம். தறியை நம்பி வாழ்ந்த அக்குடும்பத்தின் வறுமை அவரது படிப்பைத் தொடக்கப் பள்ளியோடு நிறுத்தியது. சிறு வயதிலேயே தறிக்குழியில் இறங்கிய அவருக்கு 1923ஆம் ஆண்டில் ராமாயியோடு திருமணம் நடந்தது. கைத்தறி வருமானம் குடும்பத்திற்குப் போதவில்லை. வேறு வேலை தேடி ஆலையில் எடை போடும் பணிக்குச் சென்றார். பிறகு திருப்பூர் அவரது ஊராயிற்று.

அன்றைய திருப்பூர் பருத்திச் சந்தையும் பஞ்சாலைகளும் கொண்ட ஊர். பின்னாளில் உலகச் சந்தைக்குச் செல்லவிருந்த பனியன் தொழில் 1920களில்தான் அங்கே முளைவிட்டது. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் கதர் உற்பத்திக்கு அது முதன்மை மையமாகவும் விளங்கியது. சுற்றுப்புறக் கிராமங்களில் நூற்கப்பட்ட நூலும் நெய்யப்பட்ட துணியும் திருப்பூரில் வந்து குவிந்தன. ஆகவே அரசியல் அவ்வூருக்குள் மேடைப் பேச்சாக மட்டும் வரவில்லை. கூலியாகவும் துணியாகவும் வந்தது. நெசவை அறிந்த ஓர் இளைஞர் கதர் இயக்கத்தில் சேர்ந்ததில் வியப்பேதும் இல்லை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயரைத் தாங்கிய தேசபந்து இளைஞர் மன்றத்தில் குமரன் முன்னின்று செயல்பட்டார்.

அவர் தலித் அல்லர். தலித் விடுதலைக்கான இயக்கம் எதையும் அவர் நடத்தியவரும் அல்லர். இத்தளத்தில் அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் வேறு. நிலமோ பட்டமோ செல்வாக்கோ இல்லாத ஓர் உழைப்பாளி, ஆயுதமின்றித் தெருவில் நடந்து சென்றபோது அரசின் சீருடை அணிந்தவர்களால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த அனுபவத்தை இந்நாட்டில் எவரையும்விட நெருக்கமாக அறிந்தவர்கள் தலித்துகள். அவருடைய மரணத்தை அரசே ஆண்டுதோறும் போற்றுகிறது. அதே விதத்தில் நேர்ந்த நம்மவர் மரணங்களை அதே அரசு சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று கோப்பில் மூடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க வேண்டுமானால் 1932 ஜனவரிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் வட்டமேசை மாநாடு முடிந்து 1931 டிசம்பர் இறுதியில் காந்தி பம்பாய் திரும்பினார். 1932 ஜனவரி 4 அன்று அவர் கைது செய்யப்பட்டார். அன்றே வைசிராய் வில்லிங்டனின் அரசு நான்கு அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. அமைப்புகளைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கவும், மறியலைக் குற்றமாக்கவும், வரிகொடா இயக்கத்தைத் தூண்டுவோரைத் தண்டிக்கவும், ஐயத்தின் பேரில் ஆட்களைப் பிடிக்கவும் அவை அதிகாரம் அளித்தன. ஒரு வார காலத்துக்குள் ஊர்தோறும் காவல்துறையின் நடத்தை மாறியது. கலைந்து போகச் சொல்வது, பொறுத்திருப்பது, கைது செய்வது என்ற படிகள் சுருங்கின. நேராக அடிப்பது வழக்கமாயிற்று.

அந்த வாரத்தின் முடிவில், ஜனவரி 10 அன்று, தடையை மீறித் திருப்பூரில் ஓர் ஊர்வலம் புறப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் பி. எஸ். சுந்தரம். தொண்டர்கள் சிலரே இருந்தனர். கையில் ஆயுதம் இல்லை. முந்தைய ஆண்டில் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட மூவண்ணக் கொடி இருந்தது. காவலர்கள் அவர்களை மறித்துத் தடியால் தாக்கினர். உடன் சென்றவர்களும் கடுமையாக அடிபட்டனர். குமரனின் மண்டை பிளந்தது. கொடியைப் பற்றிய பிடி தளராமல் அவர் மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர் மறுநாள், ஜனவரி 11 அன்று, உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 27.

வரலாறு வழக்கமாக இங்கே முடிந்து வணக்கம் தொடங்குகிறது. ஒரு வழக்கறிஞரின் கண்ணுக்கோ வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. நடந்து சென்ற சிலரைத் தடுத்து நிறுத்தத் தலையில் அடிக்க வேண்டிய தேவை என்ன? கைது செய்யும் அதிகாரம் கையில் இருந்தபோது தடியை ஓங்கியது ஏன்? மண்டை பிளக்கும் அடி மரணத்தை விளைவிக்கும் என்பது அடித்தவருக்குத் தெரியாதா? தெரியும் என்றால் அது கொலைக்கு நிகரான குற்றம். தெரியாது என்றால், தெரியாத ஒருவரிடம் தடியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பியவர் பொறுப்பாளி. நம் மேடைகளில் இக்கேள்விகள் பெரும்பாலும் ஒலிப்பதில்லை.

அந்தத் தடி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் மக்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855இல் சித்திரவதை விசாரணை ஆணையம் வெளிக்கொணர்ந்தது. அதைத் தொடர்ந்து வந்த சீர்திருத்தம்தான் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டக் காவல் சட்டம். சித்திரவதையை ஒழிக்கவென்று உருவான அந்தக் காவல் படை, மக்களுக்குப் பொறுப்புள்ள பணியாளராக அமைக்கப்படவில்லை. ஆள்பவரின் ஆணைக்கு அடிபணியும் படையாக அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபோது கொடி மாறியது. படையின் அடித்தளம் மாறவில்லை.

சட்டத்தின் தொடர்ச்சி இன்னும் வெளிப்படையானது. கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரத்தையும், அப்போது செய்யப்படும் செயல்களுக்காகக் காவலர் மீது அரசின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பையும் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 127 முதல் 132 வரையிலான பிரிவுகளில் வைத்திருந்தது. 1973ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை 129 முதல் 132 வரையிலான பிரிவுகளாக எடுத்துக்கொண்டது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அவை 148 முதல் 151 வரை அமைந்திருக்கின்றன. காலனியச் சட்டங்களைக் களைந்துவிட்டோம் என்ற முழக்கத்தோடு வந்த புதிய சட்டத்திலும் குமரனை அடித்தவருக்கு இருந்த கேடயம் அப்படியே தொடர்கிறது.

இனி, இன்று ஒருவர் குமரனைப் போலவே தெருவில் தடியடிபட்டு இறந்தால் சட்டம் என்ன செய்யும் என்று பார்ப்போம். 2014ஆம் ஆண்டில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. முதல் தகவல் அறிக்கை கட்டாயம், வேறு காவல் நிலையம் அல்லது சிஐடி மூலம் தனி விசாரணை, நடுவர் விசாரணை, மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல், உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். ஆனால் அவை என்கவுண்டர் மரணங்களுக்காக, துப்பாக்கி பயன்படுத்தப்பட்ட நிகழ்வுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மறுபுறம், காவலில் நேரும் மரணத்துக்கு 1996ஆம் ஆண்டின் டி. கே. பாசு தீர்ப்பும் நீதித்துறை நடுவரின் கட்டாய விசாரணையும் இருக்கின்றன. தெருவில் தடியடிபட்டு இறந்தவர் என்கவுண்டரில் சுடப்பட்டவரும் அல்லர். காவலில் இருந்தவரும் அல்லர். இரண்டு பாதுகாப்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அவர் விழுகிறார். அந்த இடைவெளியில்தான் குமரன் விழுந்தார்.

67 ஆண்டுகள் கழித்து மற்றோர் ஊரில், ஓர் ஆற்றங்கரையில், அந்த இடைவெளியின் முழு ஆழமும் தெரிந்தது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகத் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஒரு பேரணி சென்றது. சென்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். காவல்துறை தடியடி நடத்தி அவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் மாண்டனர். அதை விசாரித்த ஆணையம், இறந்தவர்களில் பெரும்பான்மையோர் நீரில் மூழ்கியே இறந்ததாகக் கூறியது. தோட்டா பாய்ந்திருந்தால் அதற்கு எண் உண்டு, வழங்கிய பதிவேடு உண்டு, சுட்டவருக்குக் கணக்கு உண்டு. தடிக்குக் கணக்கில்லை, ஆற்றுக்கு அதுவும் இல்லை. அடித்து விரட்டிய கை, மூழ்கி இறந்தார் என்ற சொல்லுக்குள் மறைந்துகொண்டது.

தடி மூடிய அறைக்குள் செல்லும்போது இன்னும் கொடியதாகிறது. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து உயிரிழந்தனர். 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் நகைத் திருட்டுப் புகாரின்பேரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் உடலில் நாற்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. இந்நிகழ்வுகளிலும் தோட்டா இல்லை.

காவல்துறைப் பயிற்சியில் தடியை இடுப்புக்குக் கீழே வீச வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லித்தரப்படும் விதி. தலை, கழுத்து, முதுகெலும்பு, சிறுநீரகம், வயிறு ஆகியவற்றில் தடியால் அடிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வன்முறையற்ற கூட்டத்தைக் கலைக்கும்போது இயன்றவரை பலப்பிரயோகமே கூடாது என்று 1990ஆம் ஆண்டின் ஹவானா அடிப்படைக் கோட்பாடுகள் வகுத்துள்ளன. காயமுற்றவருக்கு உடனே மருத்துவ உதவி அளிப்பதும் அக்கோட்பாடுகளின்படி காவலரின் கடமை. ஆகவே விதிகளுக்குப் பஞ்சமில்லை. விதியை மீறித் தலையில் அடித்தவர் விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததுதான் குறை. கேள்வி கேட்கப்படாத விதி பயிற்சித் திடலைத் தாண்டி வெளியே வராது.

உலகின் மறுகோடியில் நடந்த ஒன்று இங்கே உதவும். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோதும் துப்பாக்கி வெடிக்கவில்லை; ஒரு காவலரின் முழங்கால் கழுத்தை அழுத்தியது. அந்த வழக்கில் நமக்குரிய பாடம் முழங்காலை வைத்தவர் தண்டிக்கப்பட்டது மட்டும் அன்று. அங்கிருந்த மற்ற மூன்று காவலர்களும் தண்டிக்கப்பட்டனர். சக காவலர் வரம்பு மீறும்போது தடுப்பதும், துடிப்பவருக்கு உதவுவதும் சீருடை அணிந்தவரின் கடமை என்பதை நீதிமன்றம் நிலைநாட்டியது. 1932 ஜனவரி 10 அன்று திருப்பூரில் இருந்த காவலர்களில் ஒருவரேனும் அடுத்தவரின் கையைப் பிடித்திருந்தால் குமரன் பிழைத்திருக்கலாம். அப்படிப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சி.

காவலர்களுக்குப் பொறுமை தெரியாது என்று நாம் சொல்லவில்லை. தெரியும் என்பதற்குச் சேவூர் வட்டாரமே சான்று. 2018 ஜூலையில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாதென்று ஆதிக்க சாதியினர் திரண்டு பள்ளியை முற்றுகையிட்டனர். அங்கே பேச்சுவார்த்தை நடந்தது. கூட்டத்தின் கோரிக்கைக்கு இணங்கி அந்தப் பெண்ணே இடமாற்றம் செய்யப்பட்டார். இயக்கங்கள் போராடிய பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, சேவூர் காவல் நிலையத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாயிற்று. அந்தக் கூட்டத்தின் மேல் தடி விழுந்திருக்க வேண்டும் என்று நாம் விரும்பவில்லை. அங்கே காட்டப்பட்ட பொறுமை தாமிரபரணிக் கரையில் ஏன் காட்டப்படவில்லை என்றே கேட்கிறோம். யாரிடம் பேச வேண்டும், யாரை அடிக்கலாம் என்ற தேர்வைக் காவலர் பயிற்சிப் பள்ளியில் கற்பதில்லை. ஊரில் கற்றுக்கொண்டு வருகிறார். சாதியைப் பற்றிப் பேசாத பயிற்சி அந்தப் பாடத்தை அழிக்காது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. முதலாவதாக, தலையில் விழும் தடியடியை உயிர்ப்பறிக்கும் பலப்பிரயோகம் என்று விதிகள் வரையறுக்க வேண்டும். இரண்டாவதாக, 2014 நெறிமுறைகளின் பாதுகாப்பு, ஆயுதம் எதுவாயினும், காவல்துறையின் பலப்பிரயோகத்தால் நேரும் ஒவ்வொரு மரணத்துக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, கூட்டத்தைக் கலைக்கும் ஆணையைப் பிறப்பித்தவரின் பெயரும் நேரமும் காரணமும் எழுத்தில் இருக்க வேண்டும். களத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் அடையாள எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். நான்காவதாக, அமைதியாகக் கூடியவர்கள் மீது தாக்குதல் நடத்தியவருக்கு முன் அனுமதி என்ற கேடயம் கிடைக்கக் கூடாது. ஐந்தாவதாக, தடுக்கும் கடமையும் சாதிப் பாகுபாடும் பயிற்சியின் தேர்வுப் பாடங்களாக வேண்டும்.

இவை அனைத்தும் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியவை அல்ல. பாதிக்கப்பட்டவர் தலித்தாக இருந்து, காவலர் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்க்கும் சாட்சிக்கும் உரிமைகளை அளிக்கும் 15ஏ பிரிவு 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலையும் ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் காவலர் பயிற்சிப் பாடத்திட்டத்தைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தடிப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம், கூட்டத்தோடு பேசுவதற்கு எத்தனை மணி நேரம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எத்தனை மணி நேரம், காயமுற்றவருக்கு முதலுதவி அளிக்க எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் தடியடிக்குப் பின் இறந்தவர்கள் எத்தனை பேர், அவற்றில் எத்தனை நிகழ்வுகளில் காவலர் மீது வழக்குப் பதிவானது என்பதையும் கேட்க வேண்டும். விடை வந்தால் அது விவாதத்துக்கு அடிப்படையாகும். அத்தகைய கணக்கே இல்லை என்று விடை வந்தால், அதுவே நீதிமன்றத்தில் நாம் வைக்கும் முதல் சான்றாகும்.

ஜனவரி 11 அன்று குமரன் சிலைக்கு மாலைகள் விழும். நாமும் செல்வோம். அவர் கையிலிருந்த கொடியைப் பற்றிப் பேச அங்கே பலர் இருப்பார்கள். அவரை அடித்த தடியைப் பற்றிய மனுக்களோடு நாம் செல்வோம்.